நண்பர் வீட்டில் முறிந்த கால்

முகப்பேரில் பணி ஓய்வு பெற்றவர்களின் வீடுகளில் வெளிநாட்டுப் பயணம் இப்போது புதுமையில்லை. பாடியிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் உழைத்து, வீட்டுவசதி வாரிய மனையிலோ ஏரித் திட்டத்திலோ ஒரு வீட்டைக் கட்டி முடித்த தலைமுறை அது. அவர்களோடு ஒரே விடுதி அறையில் படித்தவர்களும் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்களும் நியூஜெர்சியிலும் டொராண்டோவிலும் மெல்போர்னிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போனால் குழந்தை பார்த்துக்கொள்வது, சமைப்பது என்று அங்கே வேலை காத்திருக்கும். பழைய நண்பரைப் பார்க்கப் போவது அப்படியல்ல. அது மனசுக்காக மட்டும் போகிற பயணம். அதனாலேயே அதில் அடிபட்டால் எழும் கேள்வியும் வேறு மாதிரியானது.

புறப்படப் பத்து நாள் இருக்கையில் குளியலறையில் வழுக்கிக் கணுக்கால் எலும்பு விரிசல் விடுகிறது. அல்லது போய் இறங்கிய மூன்றாம் நாள், கண்ணுக்கே தெரியாத பனிப்படலத்தில் கால் வைத்து மணிக்கட்டு உடைகிறது. டாக்டர் என்ன சொன்னார், விமானத்தில் ஏற்றுவார்களா, டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அவை தேவையான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: அடிபட்ட உடம்பை நண்பரின் வீட்டில் கொண்டுபோய் இறக்கிவைக்க ஒருவருக்கு உரிமை உண்டா?

முதலில், புறப்படும் முன்பே அடிபட்டவரின் நிலை. விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாயிற்று. டிக்கெட் போட்டாயிற்று. நண்பருக்குப் பிடித்த வடகமும் ஊறுகாயும் பெட்டிக்குள் போய்விட்டன. இந்த நேரத்தில் மாவுக்கட்டு போட்டால் பயணம் நின்றுவிடும் என்ற பயத்தில், எக்ஸ்ரே எடுக்காமலேயே புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு, 'சும்மா சுளுக்கு' என்று வீட்டாரிடம் சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள். 'அங்க போய்ச் சொல்லிக்கலாம்' என்ற ஒரு வாக்கியத்தில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

அந்த வாக்கியம் தவறானது. விமான நிலையத்தில் காரோடு நிற்கும் நண்பர், சக்கர நாற்காலியில் வரும் விருந்தாளியைப் பார்த்து 'இப்படியே திரும்பிப் போ' என்று சொல்லப் போவதில்லை. மறுக்க வழியில்லாத இடத்தில் வைத்துச் சொல்லப்படும் உண்மை, சம்மதம் கேட்டதாக ஆகாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான நண்பர்களின் வீடு இரண்டு மாடி மரவீடு. படுக்கையறையும் குளியலறையும் மேலே இருக்கும். குளிக்க வேண்டுமானால் முழங்கால் உயரத் தொட்டியைத் தாண்டிக் காலை உள்ளே வைக்க வேண்டும். முகப்பேரில் ஒரே தளத்தில் நடந்து பழகிய காலுக்கு, கட்டோடு அது மலையேற்றம். கூடத்து சோபாவைப் படுக்கையாக்குவதா, நாற்காலி போட்டுக் குளிக்க வைப்பதா, ராத்திரி இரண்டு மணிக்கு யார் கைபிடித்துக் கூட்டிப்போவது என்பதையெல்லாம் அந்த வீடு முன்கூட்டியே யோசிக்க வேண்டும். யோசிக்கும் வாய்ப்பை அந்த வீட்டிடமிருந்து பறிப்பது நட்பின் பேரில் செய்யும் வஞ்சனை. மென்மையாகச் சொன்னால் பேராசை.

போனில் சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது, நண்பர் 'வாடா, பாத்துக்கலாம்' என்றுதானே சொல்வார் என்று கேட்கலாம். சொல்வார். அதனால்தான் சொல்கிற விதம் முக்கியமாகிறது. 'கால்ல லேசா அடி' என்று சொல்வது சொல்லாமல் இருப்பதற்குச் சமம். படி ஏற முடியாது, கழிப்பறைக்குத் துணை வேண்டும், ஆறு வாரத்துக்கு ஊர் சுற்ற முடியாது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, 'இந்த முறை வேண்டாம், அடுத்த வருஷம் வர்றேன்' என்று தானே முதலில் எடுத்துக்கொடுக்க வேண்டும். விருந்து கொடுப்பவர் வாயிலிருந்து அந்தச் சொல் ஒருநாளும் வராது. நம் வளர்ப்பு அப்படி. வர வேண்டாம் என்று சொல்லும் சங்கடத்தை நண்பரின் தலையிலிருந்து இறக்கிவைக்க விருந்தாளியால் மட்டுமே முடியும்.

அங்கே போன பிறகு அடிபடுவது வேறு வழக்கு. பனியில் வழுக்கி விழுந்தது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் விழுந்தவுடன் பலருக்கும் முதலில் வருவது வலி கூட இல்லை, வெட்கம். 'அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் நடமாடுகிறார்கள். இதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறோம். தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் ஏற்படும் சில முறிவுகளில் எலும்பு ஒன்றோடொன்று செருகி நிற்கும். அப்போது மனிதர் நடக்கக்கூட முடியும். நடக்க நடக்க அது விலகினால், சில திருகாணிகளோடு முடிந்திருக்கக்கூடிய சிகிச்சை மூட்டு மாற்றும் பெரிய அறுவையாகிவிடலாம். மறைத்த இரண்டு நாளுக்கு விலை கொடுப்பது மறைத்தவர் மட்டுமல்ல. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதும் நண்பர்தான், 'என் வீட்டில் இருக்கும்போது எனக்குத் தெரியாமல் போச்சே' என்று காலமெல்லாம் வருந்துவதும் நண்பர்தான். அவருக்குத் தொந்தரவு தர வேண்டாம் என்று நினைத்தவர் அவருக்கு ஆறாத ஒரு வருத்தத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஆகவே உதவியைக் கூசாமல் பெற்றுக்கொள்ளவும் ஒரு மனப்பக்குவம் வேண்டும். அந்நிய மண்ணில் அடிபட்ட விருந்தாளி ஒருவரின் கதை இங்கே நினைவுகூரத் தக்கது. 1908 பிப்ரவரி 10 அன்று ஜோகன்னஸ்பர்க்கில், ஆசியர் பதிவுச் சட்டம் தொடர்பான சமரசத்தை எதிர்த்த மீர் ஆலமும் அவருடைய கூட்டாளிகளும் காந்தியைத் தெருவில் அடித்து வீழ்த்தினார்கள். அடியைத் தடுக்கப் பாய்ந்தவர்களில் ஒருவர் மொரிஷியஸில் பிறந்த தம்பி நாயுடு; அவருக்கும் காயம்பட்டது. பக்கத்து அலுவலகம் ஒன்றில் கிடத்தப்பட்டிருந்த காந்தியிடம் வந்து 'என் வீட்டுக்கு வருகிறீர்களா' என்று கேட்டவர் பாப்டிஸ்ட் சபைப் போதகர் ஜோசப் டோக். இருவருக்கும் பழக்கம் சில வாரங்கள்தான். காந்தி சம்மதித்தார். டோக்கின் மகன் கிளெமென்ட்டின் அறை அவருக்கு ஒழித்துத் தரப்பட்டது. கன்னத்திலும் உதட்டிலும் தையல். பேசக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. ஏறத்தாழ பத்து நாட்கள் அந்த வீடு அவரைத் தாங்கியது.

அந்தப் பத்து நாட்களில் அவர் செய்ததும் செய்யாததும் கவனிக்க வேண்டியவை. என்னால் உங்களுக்குக் கஷ்டம் என்று சொல்லிச் சொல்லி அவர் அந்தக் குடும்பத்தைக் களைப்படைய வைக்கவில்லை. பேச முடியாத நிலையில், தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றை டோக்கின் சின்ன மகள் ஆலிவ் பாட வேண்டும் என்று எழுதிக் கேட்டுக்கொண்டார். அவள் அறை வாசலில் நின்று பாடினாள். வலியில் கிடக்கும் ஒருவர் அந்த வீட்டாரிடம் இப்படி ஒன்றைக் கேட்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். உபசரிப்பவர்களுக்கு அதைவிட ஆறுதலானது வேறில்லை. தாங்கள் செய்வது போய்ச் சேருகிறது என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிகிறது.

ஆனால் அதே கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. காந்தியைப் பார்க்க நாள் முழுக்க இந்தியர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தலையில் கூடை சுமந்து காய்கறி விற்றவர்கள் தெருத்தூசியோடு வந்தார்கள். டோக் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்து உட்காரவைத்தார். வெள்ளையர் சபையின் போதகர் ஒருவர் அந்தக் காலத்து ஜோகன்னஸ்பர்க்கில் அப்படி நடந்துகொள்வதற்குத் துணிவு வேண்டும். அதை எவ்வளவு போற்றினாலும் தகும். அடுத்த ஆண்டு காந்தியின் முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே. இருந்தாலும், அழைத்தவர் டோக். இரவும் பகலும் பணிவிடையில் பங்கெடுத்தது அவரோடு சேர்ந்து அவருடைய மனைவியும் பிள்ளைகளும். நண்பரைத் தேர்ந்தெடுத்தது ஒருவர், நட்பின் சுமையைத் தூக்கியது ஒரு குடும்பம்.

இந்தக் கேள்வியின் கனமான இடம் இதுதான். 1970களின் விடுதி வாழ்க்கையை நினைத்துச் சிரிப்பவர்கள் இரண்டு ஆண்கள். கஞ்சி காய்ச்சுவதும், மருந்து நேரத்தைக் குறித்துவைப்பதும், கூடத்து சோபாவில் வேற்று ஆண் ஒருவர் ஆறு வாரம் படுத்திருக்க, தன் வீட்டுக்குள்ளேயே அடக்க ஒடுக்கமாக நடமாடுவதும் நண்பரின் மனைவி. அவர் அந்த விடுதியில் இருந்ததில்லை. பல வீடுகளில் அவரே வேலைக்கும் போகிறவர். வேலைக்காரம்மா என்று ஒருவர் அந்த நாடுகளில் எளிதில் கிடைப்பதில்லை. 'எனக்கு என்னண்ணா சிரமம், நீங்க ரெஸ்ட் எடுங்க' என்று அவர் சொல்வார். அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்துவிடுவது அநியாயம். புறப்படும் முன் சம்மதம் கேட்பதானால் நண்பரிடம் மட்டுமல்ல, அவருடைய மனைவியிடமும் தனியே கேட்க வேண்டும். அங்கே அடிபட்டால், உடலைத் தொட்டுச் செய்ய வேண்டிய உதவிகளை நண்பரே செய்யட்டும். செய்ய நண்பருக்கும் முடியாது என்றால் — பெரும்பாலும் அவருக்கும் எழுபதை நெருங்கும் வயது, அவர் நெஞ்சிலும் ஒரு பைபாஸ் தழும்பு இருக்கக்கூடும் — கூலிக்கு ஆள் வைத்து, அந்தப் பணத்தை விருந்தாளியே கொடுக்க வேண்டும். முகப்பேரிலிருந்து மனைவியோ மகளோ வந்து சேர முடியுமானால் அதைவிட நல்லது.

பணம் என்று வரும்போது பேச்சு சுருக்கமாக இருக்கலாம். கைபிடித்துக் கூட்டிப்போன உதவிக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு டாலர்கூட நண்பர் மேல் விழக் கூடாது. அமெரிக்காவில் 1986இல் வந்த சட்டம், அவசரப் பிரிவுக்கு வரும் எவரையும் பணம் உண்டா என்று பார்க்காமல் பரிசோதித்து, நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறது. அந்தச் சிகிச்சை இலவசம் என்று அது சொல்லவில்லை. பில் பின்னாலேயே வரும். பிரிட்டனின் தேசிய மருத்துவ சேவை, அவசரப் பிரிவில் பார்ப்பதற்குப் பணம் வாங்காது. வெளிநாட்டுப் பயணியை வார்டில் சேர்த்தால் வழக்கமான கட்டணத்தில் நூற்றைம்பது சதவீதம் வசூலிக்கும். ஷெங்கன் விசா கேட்பவர் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டியாக வேண்டும். இது ஐரோப்பியர்கள் போட்ட நல்ல நிபந்தனை. காப்பீட்டைக் கட்டாயமாகக் கேட்காத நாட்டுக்குச் சுற்றுலா விசாவில் போகிறவர் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க அதைத் தவிர்த்தால், தன் எலும்பை மட்டும் பணயம் வைக்கவில்லை. ஆஸ்பத்திரி மேசையில் கடன் அட்டையை நீட்டும் நிலைக்கு நண்பரையும் தள்ளுகிறார். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பழைய நட்பு பழைய மாதிரி இருப்பது அரிது. ஏற்கெனவே இருந்த எலும்பு முறிவைச் சொல்லாமல் எடுத்த காப்பீடும் நிற்காது. அங்கேயும் மறைத்தல்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

திரும்பும் அவசரத்திலும் இதே பொறுப்பு உண்டு. சுமையாக இருக்கிறோம் என்ற கூச்சத்தில், கட்டுப் போட்ட மறுநாளே விமானம் ஏறத் துடிப்பவர்கள் உண்டு. புதுக் கட்டுக்குள் கால் வீங்கும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 48 மணி நேரமாவது பொறுக்கச் சொல்கிறது பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம். அசையாத காலோடு நெடுநேரம் உட்கார்ந்து வந்தால் ரத்தம் உறையும் அபாயமும் கூடுகிறது. நண்பரை விடுவிக்கிறேன் என்று ஓடி, நடுவானில் தன் உயிருக்கே ஆபத்து தேடிக்கொண்டால் அதில் யாருக்கு விடுதலை? மருத்துவர் சொல்லும் நாள்வரை இருந்துவிட்டு, டிக்கெட்டிலேயே சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்து கிளம்புவதே நண்பருக்குச் செய்யும் மரியாதை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு விதிவிலக்கு நிற்கிறது. அந்த நண்பர் சாகக் கிடக்கிறார் என்றால்? பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரை ஒருவர் கண்டதேயில்லை என்கிறது புறநானூற்று மரபு. காலமெல்லாம் வராத புலவர், சோழன் உண்ணாமல் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து புறப்பட்டுப் போனார். சுற்றியிருந்தவர்கள் சந்தேகப்பட்டபோதும், அவர் வருவார் என்று சோழன் தன் பக்கத்தில் இடம் விட்டுவைக்கச் சொன்னான். தமிழர் நட்புக்கு உச்சமாகக் காட்டும் கதையில் அதுவரை வாழ்நாள் முழுக்க ஒரு சந்திப்பும் இல்லை. தள்ளிப்போட்ட பயணத்தால் நட்பு குறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு அந்தக் கதை தரும் தைரியம் பெரிது. கூடவே, எந்த நேரத்தில் போயே தீர வேண்டும் என்பதையும் அது காட்டுகிறது.

புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் நண்பரைப் பார்க்க மாவுக்கட்டோடு கிளம்புபவரைத் தடுக்க நியாயமில்லை. அடுத்த வருஷம் என்று சொல்ல அங்கே அடுத்த வருஷம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளியை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது நோயாளியாகப் போய் அங்கே தங்கக் கூடாது. துணைக்கு மகனோ மருமகனோ கூட வர வேண்டும். தங்குவது, லிஃப்ட் இருக்கும் பக்கத்து ஹோட்டலில். சாப்பாடும் மருந்தும் அங்கேயே. நண்பர் விழித்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, தினம் ஒரு மணி நேரம் அவர் கட்டிலருகில் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து வந்துவிடலாம். மருத்துவர் பறக்கவே கூடாது என்றால் மகனை அனுப்பி, அவன் போனில் முகம் பார்த்துப் பேச வேண்டியதுதான். அதற்கு நேரம் கடத்தக் கூடாது.