யாரிடம் பேசப்போகிறார்?

இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதியவர் தன் இசட் புள்ளியை இலேசில் மறப்பதில்லை. பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து எல்லோருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி கண்டால் வருவது அது. பூச்சியம் என்றால் நடுவாந்தரம். அதற்கும் கீழே போனால் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.

அந்த எண் பிள்ளையை மட்டும் அளப்பதில்லை என்பது அரசுக்கே தெரியும். ஆகவேதான் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். அந்தப் பதினாறில் பதுளையும் ஒன்று. அளவையியல் ஆசிரியர் பாதியில் இடமாற்றம் வாங்கிப் போன தோட்டப் பாடசாலைப் பிள்ளையின் புள்ளியில், அந்த ஆசிரியரின் வெறும் கதிரையும் சேர்ந்திருக்கிறது என்ற ஒப்புதல் அது.

பட்டம் முடித்து உளவளத்துணையில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒப்புதல் காணாமல் போய்விடுகிறது. அங்கே மாவட்டம் கிடையாது. பதுளை மாவட்டத்துப் பசறைக்காரியையும் கொழும்புக்காரியையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறார்கள்.

அந்தப் படிப்பு யாருக்காக என்று பார்ப்போம். 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மேல் மலை சரிந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வர வீடு இல்லை. சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அப்படியொரு பிள்ளையிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது? தாய் வேலைக்குப் போனபின் பிள்ளைக் காம்பராவில் அது யார் மடியில் கிடந்தது, பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும் என்று எந்தப் பேச்சை விழுங்கப் பழகியது என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் அருகில் உட்கார வேண்டும். தமிழ் தெரியாதவரிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அழ முடியாது.

இதற்காகக் குறைந்த புள்ளியே ஒரு தகுதி என்று நான் சொல்லமாட்டேன். கஷ்டப்பட்டவருக்குத்தான் கஷ்டம் புரியும் என்பது பாதி உண்மைதான். தன் காயத்தையே பேசிக்கொண்டிருப்பவர் மற்றவர் பேச இடம் விடமாட்டார். தற்கொலை எண்ணத்தோடு வந்தவரின் ஆபத்தைக் கணிக்கப் படிப்பும் வேண்டும்.

அப்படியானால் எதைப் பார்த்து எடுப்பது? அமெரிக்காவில் திமோதி ஆண்டர்சன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றை இந்த இடத்தில் நினைப்பேன். கோபிக்கிற, குத்திப் பேசுகிற, வாய் திறக்காத, உதவி தேடி வருபவர்களாக நடித்தவர்களின் காணொளித் துண்டுகளை 25 சிகிச்சையாளர்களுக்குக் காட்டி, இவருக்கு இப்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டுப் பதிலைப் பதிவு செய்தார்கள். அதில் நன்றாகச் செய்தவர்களிடம் வந்தவர்களே கூடுதலாகத் தேறினார்கள். பழகும் திறன் பற்றிச் சிகிச்சையாளர்கள் தாங்களே நிரப்பிய படிவமோ எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. புள்ளி குறைந்தவர்கள் விண்ணப்பத்தில் ஆசையோடு எழுதும் “எனக்கு மனிதர்களைப் புரியும்” என்ற வரிக்கும் அதே கதிதான்.

அனுமதி என்பதை, கெட்டிக்காரருக்குக் கொடுக்கும் பரிசாகவே பார்த்துப் பழகிவிட்டோம். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் கணக்கு முடிந்துவிடுகிறது. உளவளத்துணையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். தெமோதரையிலோ லுணுகலையிலோ கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, யாரிடமும் சொல்லாத ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருப்பவர் அவர். ஓர் இடத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது, அந்த மூன்றாவது ஆள் ஒருநாள் யாரிடம் பேசப்போகிறார், அல்லது பேசாமலே போகப்போகிறார் என்ற தீர்மானம். தெரிவுக் குழுவின் மேசையில் அவருக்குக் கதிரை இல்லை. விண்ணப்பித்தவளின் புள்ளி இருக்கிறது, அவருடைய தேவை எந்தப் பத்தியிலும் இல்லை.

ஆகவே, விண்ணப்பப் படிவத்தோடு உட்கார்ந்திருக்கும் தங்கச்சிக்கு: புள்ளி ஏன் குறைந்தது என்பதை இரண்டு வரியில், மன்னிப்புக் கேட்காமல் எழுதுங்கள். மிச்ச இடத்தில் ஒரேயொரு பேச்சை எழுதுங்கள். யார் வந்தார், என்ன சொன்னார், நீங்கள் எதைக் கேட்டீர்கள், எதைக் கேட்காமல் விட்டீர்கள், அடுத்த கிழமை அவர் திரும்ப வந்தாரா. வராவிட்டால் அதையும் எழுதுங்கள். வந்தவரின் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் மாற்றிவிடுங்கள். லயத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.