யாழில் அடங்காத பண்

இறைவன் இசை வடிவினன் என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. அந்த இசைக்குள்ளே ஒரு கணக்கு உண்டு என்பதும், அக்கணக்கு ஓரிடத்தில் தீராமல் நிற்கின்றது என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. அதனைப் பேசுவதற்குத் தகுந்த தலம் திருத்தருமபுரம்.

தருமபுரம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர். திருஞானசம்பந்தப் பெருமானுடன் பாணர் அங்கு சென்றபோது சுற்றத்தார் அவரைச் சூழ்ந்துகொண்டு, திருப்பதிகத்தின் புகழ் எங்கும் பரவுவது நீர் யாழில் இட்டு வாசிப்பதனாலேயே என்று கூறினார்கள். சொந்தக்காரர் புகழ்ந்தால் மகிழாதவர் யார்? பாணர் மகிழவில்லை, நடுங்கினார். சம்பந்தப் பெருமானின் திருவடியில் விழுந்து, பதிகத்தின் இசை யாழில் அடங்காது என்பதை இவர்களும் உலகமும் அறியுமாறு ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று தாமே விண்ணப்பித்தார். பெருமான் பாடினார். யாழ் தொடர முடியாமல் நின்றது. அப்பண்ணுக்கு யாழ்மூரி என்று பெயர். இன்று ஓதுவார்கள் அதனை அடாணா இராகத்தில் பாடுகின்றார்கள்.

இதனைத் திருவருட் செயல் என்று கும்பிட்டுவிட்டுப் போகலாம். கணக்குப் போட்டும் பார்க்கலாம். அதனால் பக்தி குறைந்துவிடாது.

36 அங்குல நீளமான ஒரு நரம்பை இழுத்துக் கட்டி மீட்டும்போது எழும் ஒலியைக் குரல், அதாவது சட்சம் என்று கொள்வோம். அதே இழுவையில் பாதியான 18 அங்குலத்தை மீட்டினால் அதே குரல் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 அங்குலம், இளி எனப்படும் பஞ்சமம். நான்கில் மூன்று பங்கான 27 அங்குலம் உழை எனப்படும் மத்திமம். இவற்றின் இனிமை பழக்கத்தால் மட்டும் வந்ததன்று. இவை மிகச் சிறிய எண்களின் உறவு.

இனி இளிக்கு இளி எடுப்போம். 24இன் மூன்றில் இரண்டு பங்கு 16. அதனை இரட்டித்துக் கீழ்த் தானத்திற்குக் கொண்டுவந்தால் 32 அங்குலம். அது துத்தம், அதாவது ரிடபம். அதன் இளி விளரி, அதன் இளி கைக்கிளை, அதன் இளி தாரம். இப்படியே பன்னிரண்டு தரம் சென்றால் புறப்பட்ட குரலுக்கே திரும்பி வர வேண்டும். சிலப்பதிகாரத்தில் வரும் வட்டப்பாலையும் பன்னிரண்டு இராசி வீடுகளைக் கொண்டதே. ஆனால் கணக்கு 36இல் முடிவதில்லை. ஏறக்குறைய 35½ அங்குலத்தில் வந்து நிற்கின்றது! மூன்றின் பெருக்கம் எத்தனை தரம் சென்றாலும் இரண்டின் பெருக்கத்தோடு ஒருபோதும் ஒன்றாகாது. இந்த அரை அங்குலத்தை மேலைநாட்டார் கிரேக்க ஞானி பைதகரசின் பெயரால் வழங்குகின்றனர்.

பழந்தமிழர் ஏழு நரம்புக்கும் ஒரே அளவு கொடுக்கவில்லை. குரல் முதலாக 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 மாத்திரை வகுத்தனர். இக்கணக்கின் உள்ளே புகுந்தவர் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் அவர். தமிழும் கணிதமும் ஒருவரிடத்தே சேர்ந்தமையாலேயே யாழ்நூல் பிறந்தது. தேவாரவியல் என்று ஓர் இயலையே அதில் வைத்தார். 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் நூல் அரங்கேறியது; அடுத்த மாதம் 19ஆம் திகதி சுவாமிகள் இவ்வுலகை நீத்தார்.

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையைப் போல மெட்டில் அழுத்தி இழுத்து இடைப்பட்ட ஒலியை எடுக்க அதில் இடமில்லை. மிடற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஆர்மோனியத்தின் நிலையும் அதுவே. அந்த அரை அங்குலத்தை மறைப்பதற்காகப் பன்னிரண்டு இளியிலும் சிறிது சிறிதாகக் களவெடுத்துச் சமமாக்கி விட்டார்கள். 24இல் நிற்க வேண்டிய இளி 24.03க்குப் போகும், அது காதுக்குத் தெரியாது. காந்தாரம் அப்படியல்ல. குரலோடு இழைந்து நிற்பது 28.8 அங்குலம், ஆர்மோனியம் தருவது 28.57. நன்றாகச் சுருதி கூட்டிய தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாகவே எழுந்து கேட்கும். அந்த ஒலியோடு பழகிய பிள்ளைக்கு வித்தியாசம் உடனே விளங்கும். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, 1971இலேயே அத்தடையைத் தளர்த்தியது. அவ்வளவு கடுமை வேண்டுமா என்பது வேறு விடயம். ஆயினும் பண்ணிசை வகுப்பை முதல் நாளே கீபோர்டின் கட்டைகளில் தொடங்கினால், பிள்ளையின் மிடறு அந்தக் கட்டைகளுக்குள்ளேயே நின்றுவிடும். சுருதியை மட்டும் வைத்துப் பாடப் பழக்கிய பின்னர் எந்தக் கருவி வந்தாலும் கேடில்லை.

தருமபுரத்தில் பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தப் பெருமான் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். இறைவன் புகழ் இந்தக் கருவியில் அளவுபடுமோ, இதில் வந்த அளவிலே வாசியும் என்று தேற்றி, அதனைத் திரும்பக் கொடுத்தார். பாணர் இரு கைகளாலும் வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டார். நல்லூர்ப் பெருமணத்தில் சோதியிற் கலக்கும் நாள் வரைக்கும் பெருமானை விட்டுப் பிரியாமல் உடன் சென்றார்.