ஒருவேளை

அதிகாலை நாலே முக்கால் இருக்கும். சாத்தூர் ஸ்டேஷனில் ஒரு அம்மா இறங்கிப் போனார். கையில் ஒரு கட்டப்பை, இன்னொரு கையில் அணைந்துபோன பட்டன் போன். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் அவரிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். சின்னப் பொய்தான். மூன்றே வார்த்தை. ஆனால் ஒரு வருடத்துக்கும் மேலாக அது என்னோடு பயணம் செய்துகொண்டிருக்கிறது.

2024 ஆடி மாதம். ஊரில் கோயில் கொடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராக எழும்பூர் போய் ரயில் ஏறினேன். அன்று இரவு இரண்டு மணிக்கு ஒரு ரிலீஸ் இருந்தது. நான் செய்யவேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கைந்து கமாண்ட், பிறகு ஒரு மணி நேரம் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏதாவது உடைந்தால் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். லீவு போட்டிருந்தால் இன்னொருவர் தலையில் விழுந்திருக்கும். “ட்ரெயின்ல இருந்தே பாத்துக்கறேன்” என்று சொன்னதும் நான்தான்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் என் பவர் பேங்க். 20,000 மில்லி ஆம்பியர் ஹவர். உள்ளிருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் ஹவர். லேப்டாப்புக்காக அதை 20 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது கொஞ்சம் சூடாகி வீணாகும். கடைசியில் கையில் நிற்பது அறுபது சொச்சம். என் லேப்டாப் சாதாரண வேலைக்கு 15 வாட் தின்னும். அப்படியென்றால் நான்கு மணி நேரம். லேப்டாப்பின் சொந்த பேட்டரி கிழடாகிவிட்டது, அது ஒரு மணி நேரம் தாங்கும். ஆக ஐந்து. ரயிலில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை சார்ஜிங் பாயின்ட்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவைப்பார்கள், தீ விபத்து பயத்தால். அது எனக்குத் தெரியும். எல்லாம் கணக்குப் போட்டுத்தான் ஏறியிருந்தேன்.

திருச்சி தாண்டியிருந்தது. எல்லா விளக்கும் அணைந்த பெட்டியில் என் சைடு லோயர் பெர்த்தில் மட்டும் திரை வெளிச்சம். எதிரே கீழ் பெர்த்தில் படுத்திருந்த அம்மா எழுந்து வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

“தம்பி, தூங்கலியா? இதுல கொஞ்சம் கரண்டு ஏத்திக்கலாமா? சார்ஜர் கொண்டாந்தேன், அங்க சொருகிப் பாத்தா வரமாட்டேங்குது. சாத்தூர்ல எறங்கணும். தங்கச்சி மவன் வண்டி எடுத்துட்டு வாரேன்னான், கிளம்பும்போது ஒரு போன் அடிக்கச் சொன்னான்.”

“நம்பர் சொல்லுங்கம்மா, என் போன்லேர்ந்து பேசுங்க.”

“நம்பரெல்லாம் இதுக்குள்ளதானப்பா இருக்கு.”

அப்போதுதான் சொன்னேன். “இதுலயும் சார்ஜ் தீந்துருச்சும்மா.”

சொல்லும்போது பவர் பேங்கிலிருந்து கேபிள் லேப்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. லேப்டாப் எரிந்துகொண்டிருந்தது. அவர் அந்தக் கேபிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சரிப்பா, பரவால்ல. நீ வேலையப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவருக்குத் தெரிந்திருந்ததா? பட்டன் போன் வைத்திருப்பவருக்கு வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாமலா இருக்கும். அந்த ‘பரவால்ல’ எனக்குச் சொன்ன ஆறுதல் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ரிலீஸ் ஒழுங்காக முடிந்தது. எதுவும் உடையவில்லை. சாத்தூரில் வண்டி நின்றபோது நான் விழித்துத்தான் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் பிளாட்பாரத்தில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் நடந்தார். வண்டி கிளம்பிவிட்டது. அந்தப் பையன் வந்தானா, விடியும்வரை அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாரா, எனக்குத் தெரியாது. திருநெல்வேலியில் இறங்கும்போது பவர் பேங்கின் பட்டனை அழுத்திப் பார்த்தேன். நான்கு விளக்கில் இரண்டு எரிந்தன.

அந்த இரண்டு விளக்குதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

ஊரில் கொடை முடிந்து திரும்பும்போது உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தொழில் புத்தி. அந்த மாதிரி போனின் பேட்டரி கிட்டத்தட்ட 1,000 மில்லி ஆம்பியர் ஹவர், அதாவது நாலு வாட் ஹவருக்கும் குறைவு. முழுதாக ஏற்றினாலும், வீணாவதையும் சேர்த்து, ஐந்து. என் லேப்டாப்புக்கு அது இருபது நிமிடம். ஒரு போன் பேசுவதற்குப் பத்து சதவீதம் போதும் என்றால், இரண்டு நிமிடம். அந்த போனுக்குப் பொருந்தும் மைக்ரோ யுஎஸ்பி கேபிள்கூட என் பையில் இருந்தது, பழைய இயர்போனுக்காக வைத்திருந்தது. இரண்டு நிமிட வெளிச்சத்துக்காக நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு நான் முதலில் கண்டுபிடித்த விளக்கம் கொஞ்சம் அழகானது. அளவுதான் மனுஷனைக் கஞ்சனாக்குகிறது என்பது அது. பானையில் எத்தனை டம்ளர் தண்ணீர் இருக்கிறது என்று யாரும் எண்ணியதில்லை. கேட்டவருக்கு மொண்டு கொடுத்தோம். பேட்டரி நம் கையிருப்பைச் சதவீதத்தில் சொல்கிறது. எண்ணத் தெரிந்த நாள்முதல் கொடுக்கத் தயங்குகிறோம். நண்பன் ஒருவனிடம் சொன்னேன். “நல்லாருக்குடா, எழுது” என்றான். எழுத உட்கார்ந்தபோது அது பொய் என்று தெரிந்தது. பொய் என்பதற்குச் சாட்சி நானேதான்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணைப் பக்கம் வாடகைக்கு இருந்தேன். தெருவில் முழங்கால் தண்ணீர், நான்கு நாள் கரண்ட் இல்லை. எதிர் வீட்டில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அந்த வீட்டுக்காரரோடு இரண்டு வருடத்தில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டி நிறுத்துவது தொடர்பாக ஒருமுறை முறைத்துக்கொண்டதோடு சரி. இரண்டாம் நாள் காலை அவர் கேட்டை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு, மேலே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்தார். ஒரு அட்டையில், ‘ஒரு ஆளுக்கு அரை மணி நேரம். காலை 2 மணி நேரம், மாலை 2 மணி நேரம்’ என்று எழுதி மாட்டினார். தெருவே வரிசையில் நின்றது. நானும் நின்றேன். ஊரில் அம்மா இரண்டு நாளாக எனக்கு அடித்து அடித்துப் பார்த்திருந்தாள். அந்த அரை மணி நேர சார்ஜில்தான் அவள் குரலைக் கேட்டேன்.

அந்த மனிதரிடம் கேனில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அளந்ததால்தான் அரை மணி நேரம் என்று எழுத முடிந்தது. நானும் அளந்தேன், அவரும் அளந்தார். அவர் பங்கிட அளந்தார். நான் பதுக்க அளந்தேன். ஆக, அளவின் மேல் பழிபோட முடியாது.

இதைவிடச் சங்கடமான ஒன்று இருக்கிறது. அந்த பவர் பேங்கை நான் வாங்கியதே அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான். கரண்ட் வந்த அன்றே ஆர்டர் போட்டேன். ‘இனிமே யாரையும் நம்பி நிக்கக்கூடாது’ என்று நினைத்துக்கொண்டே போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. முன்பின் பேசாத ஒருவர் தன் டீசலை எரித்து எனக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், இன்னொரு முறை யார் வாசலிலும் நிற்கக்கூடாது என்பது. நானும் ஒரு நாள் ஸ்டூல் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கியது நான். அரைக் கிலோ கனத்தைச் சுமந்தது நான். பதினொரு மணிக்கு மின்சாரம் நிற்கும் என்று முன்கூட்டி யோசித்தது நான். முன்யோசனை உள்ளவன், இல்லாதவருக்கு ஏன் பொறுப்பாக வேண்டும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவும் முன்யோசனையோடு சார்ஜர் எடுத்து வந்திருந்தார். அவருக்குத் தெரியாமல் போனது ரயில்வேயின் ஒரு விதி. அது எனக்குத் தெரிந்திருந்தது வாரா வாரம் ரயிலில் போகிறவன் என்பதால். முன்யோசனை என்று நான் பெருமைப்படுவதில் பாதி, எனக்கு வாய்த்த வசதி.

பதினேழாம் நூற்றாண்டில் ஜான் லாக் சொத்துரிமையைப் பற்றி எழுதும்போது அதற்கு ஒரு எல்லை வைத்தார். இயற்கையிலிருந்து ஒருவன் கெட்டுப்போவதற்குள் பயன்படுத்தக்கூடிய அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். அழுகவிடுவது அடுத்தவர் பங்கைத் திருடுவது. பிறகு பணம் வந்தது, பணம் அழுகாது, எனவே சேர்ப்பதற்கு எல்லையும் இல்லாமல் போனது என்று அவரே சொல்கிறார். மின்சாரமும் நீண்ட காலம் சேர்க்க முடியாத பண்டமாகத்தான் இருந்தது. மின்தொகுப்பில் இன்றும் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் செலவும் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தாக வேண்டும். ஒரே கம்பியில் தொங்கும் எல்லோரும் இருந்தால் சேர்ந்து இருப்போம், போனால் சேர்ந்து போவோம். தெருவில் கரண்ட் போனதும் எட்டிப் பார்த்து “உங்களுக்கும் போயிருச்சா?” என்று கேட்போமே, அந்த உறவு. பவர் பேங்க் அந்தக் கம்பியிலிருந்து என்னை அறுத்து எடுத்துவிட்டது. பையில் சொந்தமாக ஒரு மின்வாரியம். அதன் கையிருப்பைக் காட்டும் விளக்கு நான் அழுத்தினால்தான் எரியும். திருவள்ளுவர் ஒப்புரவு அதிகாரத்தில் பேரறிவாளனின் செல்வத்துக்கு ஊருணியை உவமை சொல்கிறார். ஊருணி ஊர் நடுவே திறந்து கிடக்கும். தண்ணீர் இல்லை என்று பொய் சொல்ல அதனால் முடியாது.

சரி, நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? அன்று இரவு என் மனதில் ஓடியது இதுதான்: ஒருவேளை ரிலீஸ் சொதப்பினால்? ஒருவேளை விடியும்வரை உட்கார வேண்டியிருந்தால்? ஒருவேளை ரயில் மூன்று மணி நேரம் லேட்டானால்?

தமிழில் இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு முகம். ஒருவேளைச் சோறு என்றால் அதற்கு அளவு உண்டு. ஒரு தட்டு, ஒரு வயிறு. சாப்பிட்டு முடித்தால் போதும் என்று கை மறிப்போம். இன்னொரு ‘ஒருவேளை’ இருக்கிறது, இப்படி ஆனால், அப்படி ஆனால் என்கிற ஒருவேளை. அதற்கு வயிறு கிடையாது. 74 வாட் ஹவரும் அதற்குப் போதாது, விமானத்தில் கேட்காமல் கொண்டுபோகக்கூடிய உச்சவரம்பான 100-ம் போதாது. அந்த அம்மா கேட்டது முதல் வகை. நான் தராசின் இன்னொரு தட்டில் வைத்தது இரண்டாம் வகை. அப்படி நிறுத்தால் எந்த இரவிலும், யார் கேட்டாலும், தராசு என் பக்கம்தான் சாயும். அதை அன்று கவனிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நான் சம்பளம் வாங்குவதே ‘ஒருவேளை’யைப் பங்கிடும் தொழிலில். கிளவுட் என்று சொல்வது அடிப்படையில் அதைத்தான். நூறு நிறுவனங்கள் தனித்தனியாக உச்சக் கூட்டத்துக்கென்று உபரி சர்வர் வாங்கி வைத்தால் பெரும்பாலானவை சும்மா கிடக்கும். நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் உச்சம் வராது. அதனால் உபரியைப் பொதுவில் வைத்தால் மொத்தமாகக் கொஞ்சமே போதும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயப்படுவதுதான் செலவு அதிகம் பிடிக்கும் ஏற்பாடு. இதை மீட்டிங்கில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அந்தப் பெட்டியில் எத்தனை பையில் எத்தனை பவர் பேங்க், எத்தனை விளக்கு எரியாமல் கிடந்திருக்கும்! நடுவில் ஒரு அம்மா இரண்டு நிமிடக் கரண்ட் இல்லாமல் படுத்திருந்தார்.

கேட்டதெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மறுக்கும் உரிமை எனக்கு இருந்தது. “வேலை ஒண்ணு இருக்கும்மா, மூணு மணிக்கு முடிஞ்சிரும், அப்புறம் போட்டுத் தரேன்” என்று சொல்லியிருக்கலாம். அது நேர்மையான மறுப்பு. அதில் அவருக்குப் பதில் சொல்ல இடம் இருந்திருக்கும். என் கணக்கை இன்னொருவர் கண் முன்னால் வைத்துப் பார்க்க எனக்கும் ஒரு வாய்ப்பு. உரக்கச் சொல்லிப் பார்த்தாலே தெரிந்திருக்கும், கொடுப்பதற்கு இருக்கிறது என்று. பொய் சொன்னதால் அந்தக் கணக்கு எனக்குள்ளேயே புதைந்துவிட்டது.

இப்போது ரயிலில் பவர் பேங்கைப் பையில் வைப்பதில்லை. ஜன்னல் ஓரத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைக்கிறேன், பக்கத்தில் இரண்டு வகைக் கேபிளோடு. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. போன மாதம் ஆர்ஏசியில் என்னோடு பாதி சீட்டில் இருந்த கல்லூரிப் பையன் கேட்டான். “அண்ணா, போட்டுக்கவா?” சாத்தூர் அம்மாவை நினைத்துக்கொண்டு தாராளமாகத் தலையாட்டினேன். அவன் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க ரீல்ஸ் பார்த்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. இதற்கா கொடுத்தோம் என்று மூன்று தடவை நினைத்தேன். நான் கொடுக்க விரும்பியது பரிதாபமான ஒருவருக்கு, என் குற்றவுணர்ச்சிக்கு ரசீது தரக்கூடிய ஒருவருக்கு. எதிர் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டபோது வரிசையில் நின்றவர்களிடம் எதற்கு சார்ஜ் என்று கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

விடிகாலையில் அவன் போனைப் பார்த்தான். நூறு காட்டியது போலிருக்கிறது. கழற்றிக் கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டு, “போதும்ணா, தேங்க்ஸ்” என்றான்.

நான் பட்டனை அழுத்திப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது உண்மை.