முத்திரையும் கையும்

நம் வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு பேனாக்கத்தி இருக்கிறது. கொழும்பில் கடை வைத்திருந்த வாப்பா அவர்கள், வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது பெட்டியில் கொண்டுவந்த சில பொருள்களுள் அதுவும் ஒன்று. மான்கொம்புப் பிடி, இரண்டு அலகுகள். பெரிய அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவைக் குறியும் பக்கம் பக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்க, அருகே 'ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு' என்ற பெயர் காணப்படும். சிலுவை இருக்கிறதே என்று உறவினர் ஒருவர் முகம் சுளித்தபோது, "அது கொல்லனுடைய கையெழுத்து காக்கா, வேறொன்றுமில்லை" என்று வாப்பா சிரித்தது நினைவிருக்கிறது. பென்சில் சீவியது, மூட்டைச் சணலை அறுத்தது, மாம்பழம் நறுக்கியது எல்லாம் அந்தக் கத்திதான். வந்தவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டி, "கத்தி என்றால் இதுவல்லவா கத்தி" என்பார்கள். அவர்கள் மறைந்தபின் அந்தப் பெருமையைப் பேசும் பொறுப்பு நமக்கு வந்து சேர்ந்தது. நாமும் நாற்பது ஆண்டுகளாகப் பேசி வருகிறோம்.

கடந்த ஆண்டு, இங்கிலாந்தில் படிக்கும் பேரன் தொலைபேசியில், "அந்தப் பெயரில் ஷெஃபீல்டில் இன்றும் கத்தி செய்கிறார்களாம். ஒன்று வாங்கி வரட்டுமா?" என்று கேட்டான். "எதற்கப்பா வீண் செலவு? வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே" என்று உடனே சொல்லிவிட்டோம். சொன்ன பிறகுதான் அந்த விடை நெஞ்சை உறுத்தத் தொடங்கியது. ஒரு தொழிலை இத்தனை காலம் வாயாரப் புகழ்ந்த நம் குடும்பம், இரண்டு தலைமுறைகளில் அத்தொழில் செய்தவர்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு கத்தியின் விலைதான். அப்படியானால் நாம் பற்று வைத்திருந்தது எதன்மேல்? செய்த கையின் மேலா, பொறித்த பெயரின் மேலா, அல்லது நம் இழுப்பறையில் கிடக்கும் நமது உடைமையின் மேலா?

ஷெஃபீல்டு, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் ஆறுகளின் நடுவே அமைந்த நகரம். அந்த ஆறுகள் சாணைக்கற்களைச் சுழற்றின. சாணைக்கு வேண்டிய மணற்கல்லும் அக்கம்பக்கத்திலேயே கிடைத்தது. 1624ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தினால் அங்கே கத்தித் தொழிலோர் சங்கம் நிறுவப்பட்டது. தொழில் பயின்று தேர்ந்து, சங்கத்தில் சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் ஒரு முத்திரை வழங்கப்பட்டது. அதைத் தான் செய்த அலகில் பொறிப்பான். எழுத்தறியாதவனும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் நட்சத்திரம், பிறை, இதயம் என்று படக்குறிகளே முத்திரையாயின. அலகு வளைந்தால், முனை மழுங்கினால், யாரைக் கேட்பது என்பதற்கு விடை அலகிலேயே இருந்தது. முத்திரை அன்று விளம்பரமன்று, பொறுப்பேற்பு. நம் வழக்கில் சொன்னால், வாங்குபவன் ஒப்படைத்த நம்பிக்கைக்கு எழுதிக் கொடுத்த அமானிதச் சீட்டு.

1814இல் வந்த சட்டம் பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. சங்கத்தில் பயிலாதவரும் தொழில் நடத்தலாம் என்றாயிற்று. முத்திரைக்கும் அதைப் பொறிக்கும் கைக்கும் இடையே இருந்த கட்டு அன்றே சற்று அவிழ்ந்துவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. தனி மனிதனின் குறி மெல்ல மெல்ல நிறுவனத்தின் குறியாயிற்று. அப்படி வளர்ந்த நிறுவனங்களுள் தலையாயது ஜோசப் ராட்ஜர்ஸ். தன் தொடக்கத்தை 1682 என்று அது குறித்துக்கொண்டது. 1822இல் அந்த ஆண்டின் எண்ணிக்கைக்கு ஈடாக 1822 அலகுகள் கொண்ட ஒரு வேடிக்கைக் கத்தியைச் செய்து, பின்னர் ஆண்டுக்கணக்குக்கு ஏற்ப அலகுகளைக் கூட்டி வந்தார்கள். 1851 லண்டன் மாபெரும் பொருட்காட்சிக்கு 75 அலகுகள் கொண்ட நார்ஃபோக் கத்தியை அனுப்பினார்கள். இவற்றால் எவரும் ஒரு பென்சிலைக்கூடச் சீவியிருக்க முடியாது. ஆனால் பெயர் உலகெங்கும் பரவியது. பெயர் பரவியதும் போலிகள் பிறந்தன. 1840களில் ஷெஃபீல்டிலேயே இருந்த நோவில் என்னும் கத்தித் தயாரிப்பாளர், தம் பேனாக்கத்திகளில் ராட்ஜர்ஸ் பெயரைப் பொறித்ததாக வழக்கு நடந்தது. வணிகப் பெயரின் உரிமை பற்றிய ஆரம்ப கால வழக்குகளுள் ஒன்றாகச் சட்ட நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. பதிவு செய்த வணிகக்குறிக்குத் தனிச் சட்டம் வந்தது 1875இல்தான்.

கத்தி எப்படிப் பிறந்தது என்பதையும் சிறிது சொல்ல வேண்டும். உலைக்காரன் உருக்கைக் காய்ச்சி அடித்து அலகாக்குவான். சாணைக்காரன் அதைத் தீட்டுவான். பிறகு கத்தி கோப்பவன் அலகு, முதுகுவில், உட்தகடு, பிடி எல்லாவற்றையும் அரத்தால் இழைத்து, ஆணியடித்துப் பொருத்துவான். ஒன்றோடொன்று இழையளவும் இடைவெளியின்றிச் சேர்ந்தால்தான் அலகு வழுக்கிக்கொண்டு திறக்கும். முழுதும் திறந்ததும், மூடியதும் 'டக்' என்று ஓசை எழும். இதற்கு அவ்வூரார் வைத்த பெயர் 'நடையும் பேச்சும்' என்பதாகும். நடையும் பேச்சும் சரியாக இருக்கும் கத்தியே நல்ல கத்தி. மனிதரைக் குறித்துச் சொல்வது போலவே சொன்னார்கள். பெரிய ஆலைக்குள் மட்டும் இவ்வேலை நடக்கவில்லை. ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஓரிரு உதவியாளருடன் பல நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுத்த சிறு தொழிலாளர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். அவர்கள் செய்த கத்திகளில் அவர்கள் பெயர் இல்லை. வாங்கிய நிறுவனத்தின் பெயரே இருந்தது. பதினான்கு வயதில் தொழிலுக்கு வந்து, தொண்ணூறைக் கடந்த வயதிலும் கத்தி கோத்துக்கொண்டிருந்த ஸ்டான் ஷா என்பவர் 2021இல் மறைந்தார். கடைசிக் காலத்தில் அவர் கத்திக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்ததாம். அந்த வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர், அவர் இளமையில் வேறொருவர் பெயரில் செய்தபோது அவரைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்?

பழைமையைப் போற்றுவோர் மறந்துவிடும் வேறொரு பக்கமும் உண்டு. சாணைக்கல்லின் முன் குனிந்து அமர்ந்தவர்களின் நுரையீரலில் கல்தூளும் உருக்குத்தூளும் படிந்தன. 'சாணைக்காரர் இளைப்பு' என்று 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். நீரின்றி உலர்சாணை பிடித்தோர், சிறப்பாக முள்கரண்டி தீட்டியோர், பலர் முப்பது வயதையொட்டியே மாண்டனர். பிடிகளுக்காக யானைத் தந்தம் குவியல் குவியலாக ஷெஃபீல்டுக்கு வந்து இறங்கியது. ராட்ஜர்ஸின் தந்தக் கிடங்கைப் பார்வையாளர் வியந்து பார்த்துச் சென்றார்கள். வாப்பாவின் கத்தி மான்கொம்புப் பிடி என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அதன் அலகைத் தீட்டியவன் எவ்வளவு காலம் மூச்சுவிட்டான் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. எனவே, அன்றைய ஆலை அறத்தின் கோயில், இன்றைய சந்தை பாவத்தின் கிடங்கு என்று பிரித்துவிட்டு நிம்மதியாக உறங்க வழியில்லை.

வீழ்ச்சி ஒரே நாளில் வரவில்லை. ஜெர்மனியின் சோலிங்கன் நகரமும் அமெரிக்க ஆலைகளும் இயந்திரத்தால் அலகு அடிக்கத் தொடங்கியபோது ஷெஃபீல்டு கையையே நம்பியிருந்தது. 1890இல் அமெரிக்கா விதித்த மக்கின்லி சுங்கவரி அதன் மிகப் பெரிய சந்தையின் கதவை ஏறக்குறைய அடைத்தது. இறகுப் பேனா போய் இரும்பு முள் வந்ததும் பேனாக்கத்திக்குப் பேனாவோடு இருந்த உறவு முன்னரே அறுந்துபோயிருந்தது. பெயர் மட்டும் நம் மொழியில்கூட ஒட்டிக்கொண்டது. ராட்ஜர்ஸ் 1971இல் தன் பழைய போட்டியாளரான வாஸ்டன்ஹோமைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. நூறாண்டுக்கு மேல் ஒருவரையொருவர் முறைத்த இரு வீடுகள், இடிந்த சுவரில் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்தது போன்ற நிலை அது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இம்பீரியல் கத்திக் குழுமத்தின் கைக்கு அது போயிற்று. 1980களில் பழைய நிறுவனம் இல்லாமலே போய், 1986இல் அதே ஷெஃபீல்டில் கத்தி செய்துவந்த எக்கிண்டன் நிறுவனத்தார் இரு பெயர்களையும் வாங்கிக்கொண்டார்கள்.

வாங்கிய அமெரிக்கக் குழுமத்தின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. அதன் ஓர் அங்கமான ஷ்ரேடு, 1904இல் நியூயார்க் மாநிலத்தின் வால்டன் என்ற சிற்றூரில் சகோதரர்கள் சிலரால் தொடங்கப்பட்டுப் பின்னர் எலன்வில் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. 'பழங்காலத்தவர்', 'ஹென்றி மாமா' என்ற பொருளுடைய பெயர்களில் அது செய்த கத்திகள் அமெரிக்க உழவரும் வேட்டைக்காரரும் தந்தையிடமிருந்து மகன் பெறும் பொருளாக இருந்தன. 2004 ஜூலை இறுதியில் ஆலை திடீரென மூடப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். மலிவான இறக்குமதியோடு போட்டியிட முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். இயந்திரங்கள் ஏலத்தில் போயின. பெயர்களைத் தென்னசியைச் சேர்ந்த டெய்லர் நிறுவனம் வாங்கியது. அப்பெயர்களில் சீனாவில் செய்த கத்திகள் கடைக்கு வந்தன. 2016இல் டெய்லர் நிறுவனத்தையே துப்பாக்கி செய்யும் ஸ்மித் அண்டு வெசன் வாங்கியது. பிறர் பெயரை வாங்கிய வீட்டின் பெயர், பிறகு கைமாறிக் கைமாறிப் போயிற்று.

அப்போது ஷ்ரேடு பற்றாளர்கள் செய்தது என்ன? கடைகளில் எஞ்சியிருந்த பழைய கத்திகளை ஓடியோடி வாங்கிச் சேர்த்தார்கள். அலகின் அடியில் 'நியூயார்க்' என்றும் 'யு.எஸ்.ஏ.' என்றும் பொறித்திருக்கிறதா என்று உருப்பெருக்கி வைத்துப் பார்த்தார்கள். விலை ஏறியது. அந்தக் கூடுதல் விலையில் ஒரு காசுகூட எலன்வில்லில் வேலை இழந்த எவருக்கும் போய்ச் சேரவில்லை. மனம் கசந்து புதிய உடைமையாளரைத் திட்டியவர்களும் உண்டு. அவர்கள் கோபம் நியாயமற்றது என்று சொல்லமாட்டோம். ஆனால், ஆலை உயிரோடிருந்த கடைசிப் பத்தாண்டுகளில், தந்தையின் கத்தி பையில் இருக்கிறது என்பதால் புதிதாக வாங்காதவரும், வாங்க நேர்ந்தபோது பாதி விலைக்குக் கிடைத்த வெளிநாட்டுக் கத்தியை எடுத்தவரும், அவர்களுக்குள் இல்லாமலா இருந்தார்கள்?

இங்கேதான் சிக்கல். ஐம்பதாண்டு உழைக்கும் பொருளைச் செய்பவன் தன் வாடிக்கையாளனை ஐம்பதாண்டுக்கு இழக்கிறான். எவ்வளவு நேர்மையாகச் செய்கிறானோ அவ்வளவு விரைவில் அவன் அடுப்பு அணைகிறது. ஆறு மாதத்தில் உடையும் கத்தியைச் செய்பவனிடம் நாம் ஆறு மாதத்துக்கொரு முறை போய் நிற்கிறோம். அவனைத் திட்டிக்கொண்டே அவனுக்குச் சோறு போடுகிறோம். நல்லவனைப் புகழ்ந்துகொண்டே பட்டினி போடுகிறோம். வாங்குபவன் மேல் இதற்குக் குற்றம் சாட்டலாமா? தேவையில்லாத ஒரு கத்தியை, தொழிலாளி வாழட்டும் என்பதற்காக வாங்க வேண்டும் என்பது வீண்விரயத்தை அறமாக்குவது போலாகும். அது வேண்டாம். ஆனால் நடுவே வேறு வழிகள் இருந்தன. தளர்ந்த முதுகுவில்லைச் சரிசெய்யக் கூலி கொடுத்து அனுப்பியிருக்கலாம். மணமகனுக்குக் கைக்கடிகாரம் கொடுத்தபோது கூடவே ஒரு கத்தியும் கொடுத்திருக்கலாம். விலை பேசும்போது அடிமாட்டு விலை கேட்காமல் இருந்திருக்கலாம். பாராட்டு என்பது பணம் செலவாகாத காணிக்கை என்பதால் அதை மட்டும் தாராளமாகக் கொடுத்தோம்.

பெயரை விற்றது தவறா என்ற கேள்விக்கும் நம்மால் முழு விடை தர முடியவில்லை. போலி முத்திரை பொறித்தவன் பொய் சொன்னான். அவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. பெயரை முறைப்படி வாங்கி, வேறு நாட்டில், வேறு உருக்கில், வேறு கைகளால் செய்து அதே பெயரைப் பொறிப்பவன் சட்டப்படி உண்மையே சொல்கிறான். ஆனால் வாங்குபவன் காதில் விழுவது பழைய பொய்யேதான். சீனத்துத் தொழிலாளியின் கை தாழ்ந்தது என்பதல்ல நம் கருத்து. அவனும் சாணைக்கு முன் குனிந்து அமர்பவனே. அவனுடைய வேலையை அவனுடைய பெயரில் விற்காமல், இறந்துபோன ஆலையின் பெயரில் விற்பதுதான் இருவருக்கும் செய்யும் அநீதி. ஷெஃபீல்டில் நிலைமை சற்று வேறு. அங்கே பெயர் கைமாறினாலும் ஊர் மாறவில்லை, தொழில் மாறவில்லை. அது பழைய ராட்ஜர்ஸ் அன்று என்று ஒருவர் வாதாடலாம். பழைய ராட்ஜர்ஸும் எத்தனையோ பெயரில்லாத சிறு தொழிலாளரின் தொகுப்புத்தானே என்று நாம் பதில் சொல்வோம்.

சென்ற வாரம் இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுத்தோம். பெரிய அலகு, தீட்டித் தீட்டி வாப்பா காலத்து அகலத்தில் பாதிதான் இருக்கிறது. திறந்தால் நடை இருக்கிறது; பேச்சு இல்லை, வில் சோர்ந்துவிட்டது. தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் காட்டினோம். "முனையைத் தீட்டித் தருவேன் பாய், வில்லெல்லாம் நமக்குத் தெரியாது" என்றார். அவர் கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுத்தோம். இரவு பேரனைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கத்தி என்ன விலை என்று கேட்டோம். சொன்னான், கொஞ்சம் அதிகம்தான். இரண்டாக வாங்கி, கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். ஒன்று அவனுக்கு.