தூதுவளையும் பாதி ராஜ்யமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வங்கிப் பணியினின்று ஓய்வு பெற்றபின் அடியோங்கள் வாழ்ந்து வரும் ஊர் அடி அண்ணாமலை. இல்லத்து வேலியில் தூதுவளைக் கொடி படர்ந்துள்ளது. முள் நிறைந்த எளிய கொடிதான். ஆயினும் ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அதைக் கண்டவுடன் ஆளவந்தாரே நினைவுக்கு வருவார்.

சென்ற மாதம் உறவினர் ஒருவர் தம் குமாரரை அழைத்து வந்தார். மென்பொருள் நிறுவனத்தில் நல்ல ஊதியம் பெறும் அப்பிள்ளை, வெளிநாட்டுப் பதவி உயர்வை வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஆசார்யன் ஸந்நிதியில் வ்யாக்யானங்களைக் கற்கவும், சிறார்க்குத் திவ்யப்பிரபந்தச் சந்தை சொல்லிவைக்கவும் விரும்புகிறாராம். "கணக்கறிந்தவர் தேவரீர், லாப நஷ்டத்தை எடுத்துச் சொல்ல வேணும்" என்றார் தகப்பனார்.

அடியோங்கள் கணக்குப் போடவில்லை. ஆளவந்தார் வைபவத்தையே விண்ணப்பித்தோம்.

நாதமுனிகளின் திருப்பேரனாரான யாமுனர், ஆக்கியாழ்வானை வாதில் வென்று பாதி ராஜ்யம் பெற்றார். ஆளவந்தார் என்பது அரசியார் இட்ட திருநாமம். ராஜ்யபாரத்தில் ஆழ்ந்திருந்த அவரை அணுக மணக்கால் நம்பிக்கு வழி கிடைக்கவில்லை. ஆகவே அவர் உகந்த தூதுவளைக் கீரையை ஆறு மாத காலம் மடைப்பள்ளியில் சேர்ப்பித்து, பின் சில நாள் நிறுத்தினார். கீரை எங்கே என்று ஆளவந்தார் வினவினார். நம்பிக்கு வாசல் திறந்தது. பாட்டனார் சேமித்து வைத்த நிதி தம்மிடம் உள்ளது என்று கூறி, கீதையின் பொருளை உபதேசித்து, திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்று, பெரிய பெருமாளைக் காட்டிக் கொடுத்தார் நம்பி.

நாள்தோறும் கிடைத்தபோது ஆளவந்தார் கீரையைப் பற்றிக் கேட்கவில்லை, நின்றபோதே கேட்டார். மேலும், ராஜ்யத்தை விட்டதால் அவர் நிதியைப் பெற்றாரல்லர். நிதியைக் கண்டதால் ராஜ்யம் தானே கழன்றது. ஆகையால், உத்தியோகத்தை எல்லோரும் விட வேணும் என்பது கருத்தன்று. குடும்பக் கடமைகளுக்குப் போதுமானது உண்டெனில், அதற்கு மேல் ஓடுவது எதற்காக என்பதே கேள்வி.

எங்கள் திருத்தகப்பனார் நாள்தோறும் விடியலில் திருப்பாவை அநுஸந்திப்பார். பதவி உயர்வுக்காக ஊர் ஊராக மாறிய அடியோங்கள், அருகிருந்து ஒரு பாசுரத்துக்கும் அவரிடம் பொருள் கேட்டதில்லை. அவர் பரமபதித்த மறுநாள் விடியலில் வீடு மௌனமாயிருந்தது. அன்றுதான் அக்குரலைத் தேடினோம். பிறருடைய வைப்பு நிதிகளுக்கெல்லாம் முதிர்வு நாள் குறித்த கை, தனக்கென வைக்கப்பட்ட நிதியைக் கேட்டு வாங்கவில்லை.

இதைச் சொல்லி அப்பிள்ளையிடம், "எது நின்றால் உம் மனம் தேடும்?" என்று மட்டும் கேட்டோம்.

"ஞாயிறு காலக்ஷேபம். அது இல்லாத வாரம் கழிவதேயில்லை" என்றார் அவர்.

தகப்பனார் நெடுநேரம் பேசவில்லை. விடைபெறும்போது, வேலியிலிருந்து ஒரு பிடி தூதுவளை பறித்துத் தரும்படி அவரே கேட்டார்.

ஆளவந்தார் திருவடிகளே சரணம்.