உடனமர்ந்து மகிழ்தல்

பாலக்காடு மாவட்டத்தில் பாரதப்புழையை ஒட்டிய ஊர்களின் பகவதி கோயில்கள் பலவற்றில், சந்நிதியை நோக்கியவாறு நீண்டு குறுகிய மண்டபம் ஒன்று தனித்து நிற்பதைக் காணலாம். அதற்குக் கூத்துமாடம் என்று பெயர். அறுவடை முடிந்த மாதங்களில் அங்கே இரவு முழுவதும் தோல்பாவைக்கூத்து நடைபெறும். சுமார் 42 அடி நீளமுள்ள திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக ஏற்றப்படும். தோலில் வெட்டப்பட்ட பாவைகளின் நிழல் திரையில் அசைய, புலவர் எனப்படும் கலைஞர்கள் கம்பராமாயணச் செய்யுள்களைத் தமிழிலேயே பாடி, அவற்றுக்குத் தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் விளக்கம் கூறுவர். கோயிலின் வழக்கத்திற்கேற்ப இக்கூத்து 7, 14, 21, 41 அல்லது 71 இரவுகள் நடக்கும்.

இக்கூத்து ஏன் நடத்தப்படுகிறது என்பதற்கு அப்பகுதியில் ஓர் ஐதிகம் வழங்கி வருகிறது. இராமனுக்கும் இராவணனுக்கும் போர் நடந்த காலத்தில் பத்ரகாளி, தாரிகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். உலகைக் காக்கும் கடமையில் ஈடுபட்டிருந்ததால் அந்த மாபெரும் நிகழ்ச்சியைக் காணும் வாய்ப்பு அவளுக்குக் கிட்டவில்லை. அக்குறை தீரவே, ஆண்டுதோறும் இராமகதை அவள் திருமுன் நிகழ்த்தப்படுகிறது.

பக்தர்கள் இதைத் தேவியின் மகிமையாகக் கேட்டு மகிழ்வர். ஆனால் இந்த ஐதிகத்தினுள் இன்றைய இல்லறத்தாருக்குரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. கடமையின் பொருட்டு ஓர் அன்னை இழந்த காட்சி அவளுக்கு மீண்டும் காட்டப்படுகிறது; அவளும் அமர்ந்து காண்கிறாள். அவ்வாறே, பணியின் பொருட்டுக் குழந்தையின் பொழுதுகளை இழக்கும் பெற்றோர், பணி முடிந்தபின் அதனுடன் அமர்கிறார்களா?

மகிழ்வித்தலும் மகிழ்தலும்

குழந்தையை மகிழ்விப்பது ஒன்று. குழந்தையுடன் மகிழ்வது வேறொன்று. முன்னதற்குப் பொருள் போதும். ஒரு பொம்மையோ, தொலைக்காட்சியோ, கையில் கொடுக்கப்பட்ட கைப்பேசியோ அந்த வேலையைச் செய்துவிடும். பின்னதற்குப் பெற்றோர் தம்மையே தந்தாக வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதிலிருந்தே பல இல்லங்களில் குழப்பம் தொடங்குகிறது. "குழந்தைக்கு என்ன குறை வைத்தோம்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். பொருளில் குறை ஏதும் இல்லாமல் இருக்கலாம். அருகில் ஆள் இல்லாததே குறையாக இருக்கக்கூடும்.

அப்படியானால், வேலையின் பொருட்டுக் குழந்தையை விட்டு அகல்வதே தவறா? பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் வரும் ஒரு காட்சி இங்கே சிந்திக்கத் தக்கது. யசோதை தயிர் கடைந்துகொண்டிருக்கிறாள். கண்ணன் வந்து மடியில் ஏறிப் பால் குடிக்கிறான். அப்போது அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. பசி தீராத குழந்தையை இறக்கிவிட்டு அவள் அடுப்பை நோக்கி ஓடுகிறாள். சினம் கொண்ட குழந்தை தயிர்ப்பானையை உடைத்துவிட்டு மறைந்துகொள்கிறது. அடுப்பைக் கவனிக்கச் சென்றதற்காகப் பாகவதம் யசோதையைக் கடிந்துகொள்ளவில்லை. பொங்கும் பாலை யாராவது இறக்கத்தானே வேண்டும்? ஆனால் அவள் திரும்பி வருகிறாள். உடைந்த பானையைக் கண்டு சிரிக்கிறாள், குழந்தையைத் தேடுகிறாள், அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறாள். யோகியருக்கும் எட்டாதவன் அந்த ஓட்டத்தில்தான் அவள் கைக்கு அகப்படுகிறான்.

விட்டுச் செல்வது குற்றமன்று. திரும்பி வராமல் இருப்பதே குற்றம்.

விளையாட்டாகக் கேட்கப்பட்ட வேதம்

கேளிக்கை என்பதே வீண் பொழுதுபோக்கு, ஆன்மிக நாட்டமுள்ள குடும்பத்திற்கு அது பொருந்தாது என்று கருதுவோர் உண்டு. நாட்டிய சாஸ்திரத்தின் தொடக்கம் அக்கருத்துக்கு இடம் தரவில்லை. இந்திரன் முதலான தேவர்கள் பிரம்மாவை அணுகிக் கண்ணால் காணவும் காதால் கேட்கவும் தக்க ஒரு விளையாட்டுப் பொருளைத் தம் எல்லோருக்குமாக வேண்டினர் என்றும், அவர் நான்கு வேதங்களிலிருந்தும் சாரத்தை எடுத்து எல்லா வர்ணத்தாருக்கும் உரிய ஐந்தாம் வேதமாக நாடகத்தைப் படைத்தார் என்றும் பரத முனிவர் கூறுகிறார். கேட்கப்பட்டதோ விளையாட்டுப் பொருள், கிடைத்ததோ வேதம். இரண்டுக்கும் இடையே நம் முன்னோர் சுவர் எழுப்பவில்லை.

கலையைச் சுவைப்பவரைச் சஹ்ருதயர், அதாவது ஒத்த இதயம் உடையவர் என்று நம் அழகியல் நூல்கள் அழைக்கின்றன. அந்த ஒத்த இதயம் குழந்தைக்கு எப்படி வாய்க்கிறது? எங்கே சிரிப்பது, எங்கே அஞ்சுவது, யாருக்காக இரங்குவது என்பதை அது அறிந்து பிறப்பதில்லை. புதிய காட்சி ஒன்று தோன்றும்போது சிறு குழந்தை அதைக் கண்டவுடன் அருகில் இருக்கும் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. தாய் அஞ்சினால் தானும் அஞ்சுகிறது. சிரித்தால் தானும் சிரிக்கிறது. ஆகவே குழந்தை ஒரே நேரத்தில் இரண்டு நாடகங்களைக் காண்கிறது. ஒன்று திரையில் நடப்பது; மற்றொன்று பெற்றோரின் முகத்தில் நடப்பது.

கூத்துமாடத்தின் முன் கும்பகருணன் வதை நிகழும் இரவை நினைத்துப் பார்க்கலாம். அண்ணன் செய்வது அதர்மம் என்பதை அறிந்தும், அவனைக் கைவிட மனமின்றிப் போர்க்களத்தில் உயிர்விடும் அந்த அரக்கனுக்காக ஒரு பாட்டனாரின் கண் கலங்குகிறது. மடியில் இருக்கும் பேரனுக்குக் கம்பனின் சொல் விளங்காது. ஆனால் பகைவனுக்காகவும் ஒருவர் இரங்கலாம் என்பதை அன்றே அவன் கற்றுக்கொண்டான். இதை எந்த நீதிபோதனை வகுப்பாலும் இவ்வளவு எளிதில் கற்பிக்க இயலாது.

இதன் மறுபுறத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவரின் உடற்குறையையோ நிறத்தையோ ஏழ்மையையோ பழிக்கும் காட்சியைக் கண்டு தந்தை வாய்விட்டுச் சிரித்தால், அருகிலிருக்கும் குழந்தை அந்தச் சிரிப்பையும் பாடமாகவே ஏற்கிறது. சேர்ந்து காண்பது மட்டும் போதாது. சேர்ந்து காணும்போது பெற்றோர் எதைக் கண்டு மகிழ்கிறார்கள் என்பதே அறத்தின் உரைகல்.

மறுமொழி தரும் முகம்

இக்காலத்து ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீசியா கூல் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் இல்லங்களில் பிறந்த ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு சாராருடன் சீன மொழி பேசுவோர் 12 அமர்வுகளில் நேரில் விளையாடிப் பேசினர். மற்றொரு சாராருக்கு அதே பேச்சு தொலைக்காட்சி வழியே காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் அம்மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டை உணர்ந்தன; திரையில் கண்டவை உணரவில்லை. பேச்சு ஒன்றாகவே இருந்தும், மறுமொழி தரும் முகம் இல்லாதவிடத்து அது குழந்தையின் உள்ளே இறங்கவில்லை.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் வகுத்த வழிகாட்டுதலும் நோக்கத் தக்கது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை, பெரியோர் மேற்பார்வையில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்கிறது அது. இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. தொலைவில் உள்ள உறவினருடன் முகம் பார்த்துப் பேசலாம். திரையின் மறுபுறம் பாட்டி இருந்து மறுமொழி கூறுவாளாயின், அத்திரையும் உறவுக்குக் கருவியாகிறது என்பதே இவ்விலக்கின் உட்பொருள்.

மலையில் ஒரு மாலை

"உழைத்துக் களைத்து வருவோரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமா?" என்ற வினா எழும். நியாயமான வினாவே. பாலக்காட்டிலிருந்து தெற்கே, ஆனைமலைத் தொடரைக் கடந்தால் இடுக்கி மாவட்டத்தின் மூணாறு. அங்கே தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. காலையில் தாய் கொழுந்து எடுக்கச் சென்றாக வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காகத் தோட்டங்களில் காப்பகம் அமைக்க வழிவகுத்தது. குழந்தையின் முதல் அடியையோ முதல் சொல்லையோ முதலில் கண்டவர் காப்பகத்தில் பார்த்துக்கொண்டவராக இருக்கலாம். பத்ரகாளியைப் போலவே, அத்தாயும் கடமையின் பொருட்டுக் காட்சியை இழந்தவள்.

அவள் மனம் அதை நினைத்துக் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. மாலையில் அவள் கூடையை இறக்கி வைத்து அமர்ந்ததும் குழந்தை ஓடி வந்து பகலில் நடந்ததை எல்லாம் சொல்லத் தொடங்குகிறது. காகம் வந்தது, மழை பெய்தது, தம்பி விழுந்தான் என்று கையை ஆட்டி நடித்தும் காட்டுகிறது. இதுவே அவளுக்காக மீண்டும் நிகழ்த்தப்படும் கூத்து. அதற்குச் செலவாவது கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் அவளுக்கு எளிதில் கிடைப்பதன்று. தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். தந்தையும் அருகமர்ந்து கேட்டால், அல்லது அவ்வேலைகளில் பாதியைத் தாம் ஏற்றால், அக்கூத்துக்கு விளக்கேற்றியவர் அவரே ஆவார்.

இதற்கு ஒப்பான செய்தி ஒன்று பாவைக்கூத்திலும் உண்டு. இக்கூத்தை நுணுகி ஆராய்ந்து 1996இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க அறிஞர், பல இரவுகளில் திரைக்கு முன் மனிதர் எவரும் இருப்பதில்லை என்பதைக் கண்டார். அப்போதும் கூத்து நிற்பதில்லை. திரைக்குப் பின்னே கலைஞர்களுள் ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டு வினா எழுப்பி மறுமொழி கூறுகிறார். ஒருவர் கேட்க இருந்தாலும் கதை உயிர்பெறும். கிருஷ்ணன்குட்டிப் புலவர் முதலியோர் இக்கலையைச் சுருக்கிக் கோயிலுக்கு வெளியே அரங்குகளுக்கும் கொண்டுவந்தனர். அவருடைய மகனான ராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பெற்றோர் செய்யத் தக்கது அரிய செயல் அன்று. நாளின் ஒரு சிறு பகுதியில் கைப்பேசியை அப்பால் வைத்துவிட்டுக் குழந்தை காண்பதைத் தாமும் காணலாம். அது கேட்பதற்கு மறுமொழி கூறலாம். நகைக்கத் தகாததற்கு நகைக்காமல் இருக்கலாம். கதையின் நடுவே குழந்தை உறங்கிவிட்டாலும் குறைவில்லை. கூத்துமாடத்தின் முன்னும் குழந்தைகள் உறங்கிவிடுவதுண்டு. எந்தக் காட்சியில் உறங்கினோம் என்பது பிற்காலத்தில் அவர்களுக்கு நினைவிராது. யாருடைய மடியில் உறங்கினோம் என்பது மறக்காது.

உலகைக் காக்கும் தேவியே போர்க்களத்திலிருந்து திரும்பிக் கதை கேட்க அமர்கிறாள். இல்லத்தைக் காப்போர் அமர்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.