பொத்தேரியில் இறங்கியவர்கள்

2024 ஆகஸ்ட் கடைசி நாள். பொத்தேரியில் மாணவர்கள் தங்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆயிரம் போலீஸார்வரை நுழைந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளில் சோதனை. கிடைத்த கஞ்சா சுமார் அரை கிலோ. அன்று ராத்திரி அம்மா போன் செய்தார். நான் படிப்பை முடித்து அந்த ஊரை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"நல்லவேளை நீ அங்க இல்ல. கஞ்சால ஆரம்பிச்சா கடைசில எங்க கொண்டுபோய் விடுமோ!"

அம்மா கேட்டது பழைய கேள்விதான். 1975இல் டெனிஸ் கேண்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'சயின்ஸ்' இதழில் ஒரு வரிசையைக் காட்டினார். இளைஞர்கள் முதலில் பீர், ஒயின், பிறகு சிகரெட், கடும் மது, அதன்பின் கஞ்சா, அதற்கும் பின்னால் மற்றவை. அவர் சொன்னது வரிசையை மட்டும்தான். ஒன்று அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது என்று சொல்லவில்லை. அந்த முதல் படியை நம்மூரில் அரசாங்கமே கடை போட்டு விற்கிறது, அதை யாரும் நுழைவாயில் என்பதில்லை.

தாம்பரத்தில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்குகிற யாரைக் கேட்டாலும் பொத்தேரியைத் தாண்டித்தான் வந்திருப்பார். பொத்தேரியிலேயே இறங்கி வீட்டுக்குப் போனவர்களைச் செங்கல்பட்டில் நின்றுகொண்டு எண்ண முடியாது.

2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில் கஞ்சா, சரஸ் புகைப்பவர்கள் 1.2 சதவீதம். அபின், ஹெராயின், வலி மாத்திரை வகையறாவைப் பயன்படுத்துகிறவர்கள் 2.1 சதவீதம். ஒரு வருஷத்துக் கணக்குதான், முன்பே இழுத்து விட்டவர்கள் இதில் வரமாட்டார்கள். இருந்தாலும் வாசலில் நிற்பவர்களைவிட உள்ளே இருப்பவர்கள் அதிகம் என்பது உறுத்தத்தானே செய்கிறது?

கஞ்சா சாது என்று சொல்ல வரவில்லை. பதினாறு, பதினேழு வயதில் தினமும் இழுப்பவர்களுக்கு மனநோய் வரும் அபாயம் கூடுகிறது. அதை அதற்காகவே பயப்படலாம்.

மூன்றாம் வருஷம் நாங்கள் நாலு பேர் ஒரே பிளாட்டில் இருந்தோம். நாலு பேருமே இழுத்திருக்கிறோம். மூன்று பேருக்கு அது அலுத்துப்போனது, பிளேஸ்மெண்ட் வந்ததும் விட்டுவிட்டோம். நாலாவது ஆள் மாத்திரைக்குப் போனான். அம்மாவின் கணக்குக்கு அவன்தான் சாட்சி. எங்கள் மூன்று பேரை யாரும் சாட்சிக்குக் கூப்பிடப் போவதில்லை.

அவன் போன வழி எனக்குத் தெரியும். பொட்டலம் கொடுக்கிற அதே அண்ணன்தான் ஒருநாள், "சரக்கு வரல தம்பி, இத வெச்சுப் பாரு" என்று மாத்திரை அட்டையை நீட்டியிருக்கிறார். நெதர்லாந்து 1976இல் சட்டத்தைத் திருத்தியபோது யோசித்தது இதைத்தான்: கஞ்சா வாங்கப் போகிறவன் ஹெராயின் விற்பவன் முன்னால் போய் நிற்கக் கூடாது.

கரைத்து ஊசியில் ஏற்ற ஆரம்பித்தபோது சொன்னேன். "டேய், இது வேறடா. செத்துருவ."

சிரித்தான். "கஞ்சாவுக்கும் இதேதான்டா சொன்னாங்க. நமக்கு என்ன ஆச்சு?"

என்னிடம் பதில் இல்லை. பள்ளிக்கூடத்துப் பேரணிகளில் எல்லாவற்றையும் 'போதை' என்ற ஒரே மூட்டையில் கட்டித்தான் எங்களிடம் தந்திருந்தார்கள். அதில் ஒன்று பொய்யாகத் தெரிந்ததும் அவனுக்கு மூட்டையே பொய்யாகிவிட்டது. நான் உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் அது ஏற்கெனவே கேட்ட பொய்யின் குரலில் இருந்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? அவன் வீட்டில் சொன்னால் நாலு பேர் கதையும் வெளியே வரும். அடிமையானவர் தானாகவே சிகிச்சைக்குப் போய் அதை முடித்தால், நுகர்வுக்கும் சிறு அளவுக்கும் வழக்கிலிருந்து காக்கிற 64ஏ பிரிவு அந்த 1985ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு அது பிற்பாடுதான் தெரியும். ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவனைக் கூட்டிப்போக அவன் அப்பா வந்தார். செங்கல்பட்டு போய் ஊருக்கு வண்டி பிடிக்க வேண்டும். பொத்தேரி பிளாட்பாரத்தில் மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டையோடு நின்றான். அப்பா என் பக்கம் திரும்பி, "கூடவே இருந்தியேப்பா, உனக்கு எதுவும் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாது அங்கிள்" என்றேன்.